ஐப்பசி அமாவாசை: வீரநிர்வாண நாளின் வரலாறு

ஐப்பசித் திங்களின் தேய்பிறை முடியும் பொழுதில் பாரத நாடெங்கும் விளக்குகள் ஏற்றப்படுகின்றன. தமிழ்நாட்டு நாட்காட்டிகள் அந்நாளைத் தீபாவளி என்றும் நரக சதுர்த்தசி என்றும் குறிக்கின்றன. தமிழ்ச் சமணர் இல்லங்களுக்கு அது இருபத்து நான்காம் தீர்த்தங்கரராகிய வர்த்தமான மகாவீரர் வீடுபேறு எய்திய நாள். எண்ணெய் நீராட்டு, புத்தாடை, பலகாரம் ஆகியவை அண்டை வீடுகளில் உள்ளவாறே இவ்வில்லங்களிலும் உள்ளன. ஆதலால் வேறுபாடு வெளியார்க்குப் புலப்படுவதில்லை. வீட்டுச் சிறுவர்க்கே புலப்படாமற் போவதும் உண்டு. “உங்கள் வீட்டில் ஏன் தீபாவளி?” என்று பள்ளித் தோழன் கேட்டால் அச்சிறுவன் கூறத்தக்க விடை யாது? அவ்விடை சமண நூல்களில் தெளிவாகவே உள்ளது. எந்த நாள், எந்தப் பொழுது, யார் விளக்கேற்றினர் என்னும் மூன்றையும் அந்நூல்கள் பதிவு செய்துள்ளன.

திங்களின் பெயரில் ஒரு மயக்கம்

மகாவீரர் கார்த்திகைத் தேய்பிறையில் முத்தியடைந்தார் என்று புராணங்கள் கூறுகின்றன. இதனைப் படிக்கும் தமிழர் சிலர், அது திருக்கார்த்திகை விளக்கீட்டையொட்டிய நாள் போலும் எனக் கருதுவர். அக்கருத்துப் பொருந்தாது. மயக்கத்திற்குக் காரணம் மாதக் கணக்கின் வேறுபாடே.

வடநாட்டில் வழங்கும் சந்திரமானத்தில் பௌர்ணமியோடு மாதம் முடியும். ஒவ்வொரு மாதத்திலும் தேய்பிறை முன்னும் வளர்பிறை பின்னும் வரும். தெலுங்கு, கன்னட நாடுகளில் அமாவாசையோடு மாதம் முடியும். ஆகவே, வடவர் கார்த்திகைத் தேய்பிறை என்று சுட்டும் அதே பதினைந்து நாள்களைத் தெலுங்கரும் கன்னடரும் ஆசுவயுசத் தேய்பிறை என்பர். தமிழர் கணக்கோ சூரியமானம். கதிரவன் துலா ராசியில் நிற்கும் காலமே ஐப்பசி. மேற்கூறிய அமாவாசை பெரும்பாலும் இத்திங்களிலேயே அமைகிறது. இவ்வாறு ஒரே நாளுக்கு மூன்று திங்கட் பெயர்கள் வழங்குகின்றன.

திருக்கார்த்திகை விளக்கீடு இதனினும் வேறானது. அது தமிழ்க் கார்த்திகைத் திங்களில் முழுநிலவும் கார்த்திகை மீனும் கூடும் நாளையொட்டி நிகழ்வது. தீபாவளிக்கு இரண்டு வாரமோ ஆறு வாரமோ கழித்து வருவது. சங்க நூல்களில் பேசப்படும் விளக்கு விழா கார்த்திகை விளக்கீடே. தீபாவளி என்னும் பெயர் அந்நூல்களில் இல்லை.

நூல்கள் தரும் மற்றொரு குறிப்பு சுவாதி நட்சத்திரம். சுவாதி துலா ராசிக்குள் அடங்கியது. அமாவாசையில் திங்கள் கதிரவனோடு கூடி நிற்கும். எனவே, கதிரவன் துலா ராசியில் நிற்கும் ஐப்பசியில் தேய்பிறை முடியும் பொழுது திங்கள் சுவாதியிலோ அதன் அருகிலோ நிற்றல் இயல்பு. புராணம் கூறும் திதியும் நட்சத்திரமும் ஒன்றற்கொன்று சான்றாக அமைந்துள்ளன.

பாவாபுரியில் நிகழ்ந்தவை

மகாவீரர் முப்பது ஆண்டு இல்லிலிருந்தார். பன்னிரண்டு ஆண்டு கடுந்தவம் இயற்றினார். கேவலஞானம் எய்தியபின் ஏறத்தாழ முப்பது ஆண்டு நாடெங்கும் அறம் உரைத்தார். எழுபத்திரண்டு அகவை அளவில் அவர் பாவா நகரை அடைந்தார். இன்றைய பீகார் மாநிலத்தின் நாளந்தா மாவட்டத்தில் உள்ள பாவாபுரியே அவ்விடம் என்று சமணர் போற்றுகின்றனர்.

சுவேதாம்பரர் போற்றும் கல்பசூத்திரம், அவர் தம் இறுதி மழைக்காலத்தை அத்திபால மன்னனின் எழுத்தர் மன்றத்தில் கழித்தார் என்றும், அமாவாசை இரவில் வீடுபேறடைந்தார் என்றும் கூறுகிறது. திகம்பர மரபின் குணபத்திரர் இயற்றிய உத்தர புராணம் வேறொரு காட்சியைத் தருகிறது. அதன்படி, தாமரைப் பொய்கைகள் சூழ்ந்த மனோகரம் என்னும் சோலையில் ஒரு கற்பாறைமேல் அவர் தியானத்தில் அமர்ந்தார். உபதேசமும் நடையும் ஒழிந்தன. சதுர்த்தசி இரவின் இறுதிப் பொழுதில் எஞ்சிய வினைகளும் அற்றன. யதிவிருஷபரின் திலோயபண்ணத்தியும் கார்த்திகைத் தேய்பிறைச் சதுர்த்தசி, வைகறை, சுவாதி, பாவா நகர் என்று நான்கு குறிப்புகளையும் சுருங்கத் தருகிறது.

அன்று மற்றொரு பெருநிகழ்ச்சியும் நடந்தது. மகாவீரரின் முதற் கணதரர் இந்திரபூதி கௌதமர். ஆசிரியர்பால் அவர் கொண்டிருந்த அன்பே ஒரு பற்றாக நின்று அவரது ஞானத்தைத் தடுத்தது என்று சுவேதாம்பர மரபு உரைக்கும். ஆசிரியர் மறைந்த அன்றே அவர்க்குக் கேவலஞானம் தோன்றியது. அவர்க்குப்பின் சுதர்மரும், சுதர்மர்க்குப்பின் ஜம்புசுவாமியும் கேவலிகள் ஆயினர். இம்மூவர் காலமும் முறையே 12, 12, 38 ஆக 62 ஆண்டு என்பது திகம்பரர் கணக்கு.

ஆகவே அந்நாள் துயர நாளாக முடியவில்லை. ஒரு விளக்கு மறைந்த அன்றே அதன் சுடரிலிருந்து மற்றொரு விளக்கு ஏற்றப்பட்டது. விடியலில் நிர்வாண பூசையும் மாலையில் கௌதமரை நினைந்து விளக்கேற்றலும் என்ற முறை திகம்பரரிடையே வழங்குவதற்கு இதுவே காரணம்.

பாவாபுரியில் இன்று தாமரைக் குளத்தின் நடுவே வெண்பளிங்குக் கோயில் ஒன்று நிற்கிறது. நீர்க்கோயில் என்று அது வழங்கும். ஈமச்சாம்பலையும் அதனோடு மண்ணையும் மக்கள் நெற்றிக்கென எடுத்துச் சென்றமையால் அவ்விடம் குழிந்து குளமாயிற்று என்பது அவ்வூர் மரபுரை.

விளக்கேற்றியோர் யார்?

கல்பசூத்திரம், காசி, கோசல நாடுகளைச் சார்ந்த மல்லர் ஒன்பதின்மரும் லிச்சவியர் ஒன்பதின்மருமாகிய பதினெட்டுக் கணமன்னர் அன்றிரவு விளக்கேற்றினர் என்கிறது. ஞானவொளி மறைந்துவிட்டது, இனிப் பொருளால் ஆகிய ஒளியையேனும் ஏற்றுவோம் என்பது அவர்கள் கூற்றின் கருத்து. மண் விளக்கு ஞான விளக்குக்கு ஈடாகாது என்பதை அறிந்தே அவர்கள் அதனை ஏற்றினர் என்பது இதனால் விளங்கும்.

புன்னாட சங்கத்து ஜினசேனர் சக ஆண்டு 705இல், அதாவது கி.பி. 783இல், ஹரிவம்ச புராணத்தை நிறைவு செய்தார். தேவரும் மனிதரும் ஏற்றிய விளக்குகளால் பாவா நகர் ஒளிர்ந்தது என்றும், அன்று முதல் பாரத நாட்டு மக்கள் ஆண்டுதோறும் தீபாலிகா என்னும் விழாவெடுத்து ஜினேந்திரரை வழிபடுகின்றனர் என்றும் அந்நூலின் இறுதிப் பகுதி கூறுகிறது. தீபாவளி என்னும் பெயர்க்கு மிக அணுக்கமான சொல்லை விழாவின் பெயராகவே தந்து, அதற்குக் காரணமும் உரைக்கும் பழைய நூல்களுள் இது ஒன்று. கி.பி. 959இல் சோமதேவ சூரி இயற்றிய யசஸ்திலகத்திலும் தீபோற்சவம் வருணிக்கப்படுகிறது. இவ்விருவரும் திகம்பர முனிவர்.

தமிழகத்தில் இவ்வரலாறு ஸ்ரீபுராணத்தின் வழியே இல்லங்களைச் சென்றடைந்தது. வடமொழி மகாபுராணத்தைத் தழுவி மணிப்பிரவாள நடையில் எழுந்த அந்நூல் பல சமணச் சிற்றூர்களில் படித்துப் பொருள் கூறப்பட்டு வந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலில், விசயநகர அமைச்சர் இருகப்பர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடுப்பித்த சங்கீத மண்டபம் உள்ளது. அதன் விதானத்தில் வர்த்தமானர் வரலாறு ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. ஏடு படிக்க இயலாதவரும் அண்ணாந்து பார்த்து அவ்வரலாற்றை அறிந்தனர்.

ஆண்டுக் கணக்கு

வீரநிர்வாணம் ஓர் ஆண்டுக் கணக்கிற்கும் தொடக்கமாயிற்று. சக மன்னன் தோன்றுவதற்கு 605 ஆண்டு 5 மாதம் முன்னர் மகாவீரர் முத்தியடைந்தார் என்று திலோயபண்ணத்தியும் ஹரிவம்ச புராணமும் குறிக்கின்றன. கி.பி. 78இல் தொடங்கும் சக ஆண்டை அடிப்படையாகக் கொண்டு கி.மு. 527 என்னும் ஆண்டு பெறப்பட்டது. இன்று சமணர் அனைவரும் வழங்குவது இக்கணக்கே. ஹெர்மன் யாகோபி முதலிய ஆய்வாளர் இதற்கு ஐம்பது, அறுபது ஆண்டுகள் பிற்பட்ட காலத்தைக் கூறினர். ஆண்டு பற்றி இவ்வாறு கருத்து வேறுபாடு உண்டெனினும், நாள் பற்றி மரபில் ஐயமில்லை. திகம்பரரும் சுவேதாம்பரரும் பலவற்றில் வேறுபட்டிருந்தும் இத்தேய்பிறை இறுதியைக் கைவிடவில்லை. ஏடுகளும் மடங்களும் அழிந்த காலத்திலும் திதி அழியாது நின்றது. ஆண்டுதோறும் வானமே அதனை நினைவூட்டியது.

தீபாவளியை அடுத்த வளர்பிறைப் பிரதமையில் வீரநிர்வாணப் புத்தாண்டு பிறக்கிறது. குசராத்தி வணிகர் புதுக்கணக்குத் தொடங்குவதும் அப்பொழுதே. 2023ஆம் ஆண்டுத் தீபாவளியை அடுத்து வீரநிர்வாண ஆண்டு 2550 பிறந்தது.

மயிலை சீனி. வேங்கடசாமியின் கருத்து

தமிழறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி 1954இல் வெளியிட்ட ‘சமணமும் தமிழும்’ என்னும் நூலில், தீபாவளி சமணரிடமிருந்து பிறர் ஏற்றுக்கொண்ட பண்டிகை என்று எழுதினார். மகாவீரர் இரவெல்லாம் அறம் உரைத்து விடியலில் வீடுபேறடைந்தார். அந்நினைவே விளக்கு விழாவாயிற்று. நரகாசுரன் கதை பின்னர்ப் பொருத்தப்பட்டது என்பது அவர் கருத்து. பிறப்பால் சமணரல்லாத ஒருவர் நடுநிலையில் நின்று கூறியது ஆதலின், தமிழ்ச் சமணர் இதனைப் பெரிதும் மதித்து மேற்கோள் காட்டி வருகின்றனர்.

மதிப்பு ஒருபுறம் இருக்க, சான்றுகளை முழுமையாக நோக்குதலும் வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷர் இயற்றிய நாகானந்தம் என்னும் நாடகத்தில், புதுமணமக்களுக்குப் பரிசளிக்கும் தீபப் பிரதிபத உற்சவம் குறிக்கப்படுகிறது. அங்கே மகாவீரர் பற்றிய பேச்சு இல்லை. பதினோராம் நூற்றாண்டில் இந்திய நாட்டைப் பற்றி எழுதிய அல்பிருனி, துலா ராசியில் கதிரவன் நிற்கும் அமாவாசையில் மக்கள் நீராடிப் புத்தாடை அணிந்து, வெற்றிலை பாக்கு வழங்கி, இரவில் எண்ணற்ற விளக்கேற்றுவதைக் கண்முன் நிறுத்துகிறார். அதற்கு அவர் கூறும் காரணம் மாபலிக் கதை. எனவே, விளக்குகள் அனைத்தும் ஒரே சுடரிலிருந்து பிறந்தன என்று சாதிக்க இச்சான்றுகள் இடந்தரவில்லை.

சாதிக்க வேண்டிய தேவையும் இல்லை. சமணர் இவ்விழாவைப் பிறரிடமிருந்து இரவல் பெற்றனர் என்னும் எண்ணம் தவறு என்பதற்குச் சமண நூல்களே போதிய சான்று. தம் ஆசிரியரின் வீடுபேற்றை இத்தேய்பிறை இறுதியில் ஒளியால் நினைவுகூரும் வழக்கம் சமணர்க்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக எழுத்துச் சான்று உடையது. இவ்வளவு கூறுதல் உண்மை. இதற்கு மேற்கூறுதல் ஊகம். எப்பொருளையும் பல நோக்கில் காணவேண்டும் என்னும் அநேகாந்தம் பயின்றவர்க்கு இவ்வெல்லை தடையன்று.

தமிழ்நாட்டு விடியல்

ஒரு செய்தி தமிழ்ச் சமணர்க்குச் சிறப்பாக உரியது. வடநாட்டில் தீபாவளி அமாவாசை மாலையை முதன்மையாகக் கொண்டது. தமிழ்நாட்டிலோ சதுர்த்தசி விடியலே முதன்மை. அதனாலேயே சில ஆண்டுகளில் தமிழ்நாட்டுத் தீபாவளி ஒருநாள் முந்துகிறது. 2018இல் தமிழ்நாட்டில் நவம்பர் 6ஆம் நாளும் வடநாட்டில் நவம்பர் 7ஆம் நாளும் கொண்டாடப்பட்டன. 2023இல் நவம்பர் 12 அன்று விடியலில் சதுர்த்தசியும் மாலையில் அமாவாசையும் அமைந்தமையால் இரண்டும் ஒன்றாயின.

திகம்பர நூல்களும் சதுர்த்தசியையும் வைகறையையும் சேர்த்தே கூறுகின்றன. சதுர்த்தசி இரவு கழிந்து புலரும் பொழுதே நிர்வாணப் பொழுது எனக் கொண்டு, வடநாட்டுத் திகம்பரர் அமாவாசை விடியலில் நிர்வாண லட்டு படைத்துப் பூசை செய்வர். பூசைக்குரிய நாளை அவ்வவ்வூர் ஆலய மரபே முடிவு செய்யும். எனினும், ஊர் முழுவதும் இருள் பிரியுமுன் எழும் தமிழ்நாட்டு வழக்கம், திகம்பரராகிய தமிழ்ச் சமணர்க்குத் தம் நூல் கூறும் வைகறையை எளிதில் நினைவூட்டுவதாக அமைந்துள்ளது. விடியல் நீராட்டுக்கு வைதிக மரபு தனிக்காரணம் கூறும். இவ்வொப்புமையைக் கொண்டு எது எதிலிருந்து வந்தது என்று முடிவு கட்டல் ஆகாது. ஆயினும், எழுந்து விளக்கேற்றும் தாய், “இப்பொழுதுதான் மகாவீரர் முத்தியடைந்தார்” என்று மகனிடம் கூறுவாளாயின், அச்சொல் நூலுக்கு மாறானதன்று.

ஒரே நாளில் பல நினைவுகள்

இந்நாளைப் பலரும் தத்தம் நினைவுகளோடு போற்றுகின்றனர். வடநாட்டார் இராமர் அயோத்தி மீண்டதை நினைப்பர்; வங்காளத்தார் காளியை வழிபடுவர். குரு ஹர்கோவிந்தர் குவாலியர்க் கோட்டையிலிருந்து ஐம்பத்திரண்டு அரசர்களையும் உடன்கொண்டு விடுதலை பெற்றதைச் சீக்கியர் இந்நாளில் நினைவுகூர்வர். ஆரிய சமாசத்தை நிறுவிய தயானந்த சரசுவதி அஜ்மீரில் மறைந்தது 1883 அக்டோபர் 30. அதுவும் தீபாவளி நாளே. ஒரு நாளைப் பலர் பகிர்ந்துகொள்வதால் எவருடைய நினைவும் குறைவதில்லை. தம் நினைவைத் தாமே மறப்பவர்க்கே அது குறைகிறது.

2500ஆம் ஆண்டு நிறைவு

1974 நவம்பர் 13, தீபாவளி நாளில், மகாவீரர் நிர்வாணத்தின் 2500ஆம் ஆண்டு நிறைவு நாடெங்கும் கொண்டாடப்பட்டது. இந்திய அரசும் அதில் பங்குகொண்டது. அதனையொட்டி நிகழ்ந்த இரண்டு செயல்கள் என்றும் நினைக்கத்தக்கவை. மூவுலக வடிவினுள் சுவத்திகமும் அறவாழி பொறித்த கையும் அமைந்த பொதுச் சின்னத்தைச் சமணப் பிரிவினர் அனைவரும் ஏற்றனர். வினோபா பாவேயின் தூண்டுதலால் ஜினேந்திர வர்ணி தொகுத்த சமணசுத்தம் என்னும் நூலையும் எல்லாப் பிரிவினரும் ஒருங்கு ஏற்று, 1975இல் வெளியிட்டனர். 756 பாடல்களைக் கொண்ட அந்நூல், பல நூற்றாண்டுகளாகப் பிரிந்து நின்றோர்க்கு ஒரு பொதுநூலாயிற்று. சமணப் பிரிவுகள் ஒன்றுகூடுவதற்கு அந்நாளும் ஒரு வாயிலாயிற்று.

2550ஆம் நிர்வாண ஆண்டு விழா 2024 ஏப்ரல் 21ஆம் நாள், மகாவீரர் பிறந்தநாளன்று, புதுடில்லியில் நடுவண் அரசின் சார்பில் தொடங்கி வைக்கப்பட்டது. நினைவு நாணயமும் அஞ்சல்தலையும் வெளியிடப்பட்டன.

இல்லத்தில் நாள் நிலைபெற

அரசு விழாக்கள் ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும். நாளைக் காப்பது ஆண்டுதோறும் விளக்கேற்றும் இல்லமே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர் ஏறத்தாழ 89,000 பேர். வடநாட்டிலிருந்து வந்து குடியேறியோரையும் உள்ளடக்கிய எண்ணிக்கை இது. வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளின் சிற்றூர்களிலிருந்து தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பல பிழைப்பும் கல்வியும் கருதி நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. ஊரில் ஜினாலய மணியோசை கேட்டு விழித்த விடியல், நகர அடுக்ககத்தில் வெடியோசை கேட்டு விழிக்கும் விடியலாக மாறிவிட்டது. ஆலயம் அருகில் இல்லாத பிள்ளைக்கு அந்நாளின் பொருளை உணர்த்த வேண்டிய பொறுப்பு முழுவதும் பெற்றோர்மேல் விழுகிறது.

அதற்குப் பெருமுயற்சி வேண்டுவதில்லை. விடியலில் நீராடியபின் பலகாரத்திற்கு முன் வர்த்தமானரை வணங்கி, பாவாபுரி வரலாற்றைக் கால்நாழிகைப் பொழுதில் பிள்ளைகட்குக் கூறலாம். ஊரிலிருக்கும் பாட்டனார் தொலைபேசியிலும் அதனைக் கூறலாம். மாலையில் விளக்கேற்றும்போது கௌதமர் பெயரைச் சொல்லலாம். ஐப்பசி மழைக்காலம், ஈசலும் விட்டிலும் மிகும் பருவம். விளக்கைக் கண்ணாடிக் கூட்டினுள் வைத்து ஏற்றுதல் சிற்றுயிர் காக்கும் நெறி. ஓரறிவுயிர்க்கும் ஊறு செய்யலாகாது என்று முப்பது ஆண்டு நடந்து நடந்து உரைத்த ஒருவரின் நினைவு நாளில், புள்ளும் விலங்கும் நடுங்கும் வெடிகள் எவ்வளவு பொருந்தும் என்பதையும் பெற்றோர் பிள்ளைகளோடு கலந்து எண்ணலாம். தடை விதித்தலினும் காரணம் கூறுதல் நிலைத்து நிற்கும்.

புதிய நாட்காட்டி வீட்டிற்கு வந்ததும், ஐப்பசி அமாவாசைத் தாளில் வீரநிர்வாணம் என்று பிள்ளையின் கையாலேயே எழுதச் செய்வதும் நன்று. அச்சிட்டோர் விட்டுவிட்டதை இல்லம் நிரப்பிக்கொள்ளும். “உங்கள் வீட்டில் ஏன் தீபாவளி?” என்று கேட்கப்படும் பொழுது, அப்பிள்ளை தயங்காமல் விடை கூறும். பதினெட்டு மன்னர் பாவா நகரில் ஏற்றிய விளக்கு, அவ்விடையில் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருக்கும்.

அறம் வளர்க! அருகன் அருள் நிறைக!